பாஸ்தாவை எப்போது நிறுப்பது: வேகுமுன்பா, வெந்தபின்பா?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி மேலோட்டமாகப் பார்த்தால் ஒரே வரிதான்: கலோரி கணக்கு வைத்துச் சாப்பிடுகிறேன், பாஸ்தாவை எப்படிச் சரியாக அளப்பது? ஆனால் அவர் தந்திருக்கும் விவரங்களைச் சேர்த்துப் படித்தால் உள்ளே மூன்று கேள்விகள் இருக்கின்றன. பாக்கெட்டின் பின்புறம் 100 கிராமுக்கு 350 கிலோகலோரி என்று அச்சிட்டிருப்பது காய்ந்த பாஸ்தாவுக்கா, வெந்ததற்கா என்பது ஒன்று. கைபேசிச் செயலியில் ஒரே பாஸ்தாவுக்கு 371 என்றும் 158 என்றும் இரண்டு எண்கள் வருகின்றனவே, எதை நம்புவது என்பது இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை இரவில் அம்மா நான்கு பேருக்கும் ஒரே பாத்திரத்தில் கிளறி இறக்கிவிட்ட பிறகு, தன் தட்டில் விழுந்த பங்கைக் கணக்கில் எப்படி எழுதுவது என்பது மூன்றாவது. உண்மையில் அவரைத் தடுமாற வைத்திருப்பது இந்த மூன்றாவது கேள்விதான் என்று நினைக்கிறேன். புதுச்சேரியில் பல ஆண்டுகளாக உணவு ஆலோசனை தரும் வேலையில் இருப்பதால், இந்தக் குழப்பத்தோடு வருகிறவர்களை மாதத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன்.

செயலியில் வரும் இரண்டு எண்களும் சரியானவையே. 371 என்பது 100 கிராம் காய்ந்த பாஸ்தாவுக்கு. 158 என்பது 100 கிராம் வெந்த பாஸ்தாவுக்கு. இடையில் நடந்தது தண்ணீர் ஏறியது மட்டும்தான். தண்ணீருக்குக் கலோரி கிடையாது. எனவே 100 கிராம் காய்ந்த பாஸ்தா வெந்து 235 கிராம் ஆனால், அதே 371 கலோரி 235 கிராமில் பரவிக் கிடக்கிறது, அவ்வளவே. பாக்கெட்டில் உள்ள 350-உம் காய்ந்த எடைக்கு உரியதே; 371 பொதுச் சராசரி, 350 உங்கள் பாக்கெட்டுக்கு உரியது என்பதால் இனி வரும் கணக்குகளில் 350-ஐயே எடுத்துக்கொள்கிறேன். இந்தியாவில் விற்கும் பாக்கெட்டுகளில் 100 கிராமுக்கான கணக்கு உள்ளே இருக்கும் பொருளுக்குத்தான், அதாவது நீங்கள் கத்தரித்துக் கொட்டும் காய்ந்த பாஸ்தாவுக்குத்தான். சமைத்த பிறகு என்று தனியாகக் குறிப்பிட்டிருந்தால் மட்டும் வேறு. கிலோகலோரி என்று பாக்கெட் சொல்வதும் நாம் பேச்சில் கலோரி என்பதும் ஒன்றே என்பதால் அதில் குழம்ப வேண்டாம்.

நம் வீடுகளில் இந்தக் கணக்கு புதிதல்ல. ஆளுக்கு ஓர் ஆழாக்கு என்று பாட்டி அளந்தது அரிசியை. உலையில் போடுமுன் அளந்ததுதான் அளவு. வடித்த சோற்றை யாரும் படியில் அளந்து பார்த்ததில்லை, ஏனென்றால் அரிசி பழையதா புதியதா, சோறு உதிரியா குழைவா என்பதைப் பொறுத்து அது மாறிக்கொண்டே இருக்கும். பாஸ்தாவும் வடித்துச் சமைக்கிற பண்டம்தான். ஆகவே முதல் விதி, முடிந்தபோதெல்லாம் காய்ந்த நிலையில் நிறுங்கள், காய்ந்த பாஸ்தாவுக்கான கலோரி எண்ணையே பயன்படுத்துங்கள். எடை எந்த நிலையில் எடுத்தீர்களோ, எண்ணும் அந்த நிலைக்கு உரியதாக இருக்க வேண்டும். இந்த ஒன்று பிசகினால் மற்ற நுணுக்கங்கள் எல்லாம் வீண்.

பிசகினால் எவ்வளவு தவறு வரும் என்று பாருங்கள். 180 கிராம் வெந்த பாஸ்தாவைத் தின்றுவிட்டு, பாக்கெட்டின் 350-ஐப் போட்டுப் பெருக்கினால் 630 கலோரி என்று வரும். உண்மையில் அது 270, 280 அளவில்தான் இருக்கும். இப்படிச் செய்கிறவர்கள் ஒரு கிண்ணம் பாஸ்தா சாப்பிட்ட குற்ற உணர்வில் இரவு பட்டினி கிடந்து, மறுநாள் காலையில் ஒன்றுக்கு இரண்டு மடங்கு சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். எதிர்த்திசைத் தவறு இன்னும் வழுக்கலானது, ஏனென்றால் அது மனத்துக்கு இதமாக இருக்கும். 75 கிராம் காய்ந்த பாஸ்தாவை நிறுத்து, செயலியில் முதலில் வந்த 158-ஐத் தொட்டால் 119 கலோரி என்று காட்டும்; உண்மையில் உள்ளே போனது 263. என்னிடம் வந்த ஒருவர் நான்கு மாதம் ஒழுங்காகக் கணக்கெழுதியும் எடை அசையவில்லை என்று நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். வாரத்தில் ஐந்து நாள் மதியம் அவருக்கு மக்ரோனி, ஐந்து நாளும் இதே தவறு.

வெந்த பாஸ்தாவுக்கு 158 என்று ஒரு பொது எண் இருக்கும்போது வெந்ததையே நிறுத்தால் என்ன என்று கேட்கலாம். வேறு வழியில்லாதபோது செய்யலாம்; ஆனால் அந்த எண் ஒரு சராசரிப் பதத்துக்கு உரியது. நடுவில் சற்றுக் கெட்டியாக, பல்லில் கடிபடுகிற பதத்தில் இறக்கினால் காய்ந்த எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கொஞ்சம்தான் வரும். நம் வீடுகளில் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் பிடித்தாற்போல் நன்றாகக் குழைய விட்டால் இரண்டரை மடங்கு வரை போகும். ஒரே 75 கிராம் ஒரு வீட்டில் 150 கிராமாகவும் இன்னொரு வீட்டில் 187 கிராமாகவும் தராசில் நிற்கும். 158-ஐக் கொண்டு கணக்கிட்டால் முதல் வீட்டில் 237, இரண்டாவது வீட்டில் 295. உள்ளதோ இரண்டிலும் 263. பென்னே போன்ற குழல் வடிவங்கள் உள்ளே தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொள்வதால், வடிதட்டில் இரண்டு நிமிடம் விட்டு ஒரு குலுக்குக் குலுக்காமல் நிறுத்தால் அந்தத் தண்ணீருக்கும் சேர்த்துக் கலோரி எழுதிவிடுவீர்கள்.

இனி அம்மாவின் பாத்திரம். இதற்குத் தேவை ஒரு தராசும் ஒரு வகுத்தலும்தான். சமைக்குமுன் மொத்தம் எவ்வளவு காய்ந்த பாஸ்தா போடுகிறார்கள் என்பதை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். 300 கிராம் என்று வைப்போம். வெந்து வடித்தபின் மொத்தத்தையும் நிறுங்கள். 690 கிராம் வந்தால், அன்றைய பெருக்கம் 2.3 மடங்கு. உங்கள் தட்டுக்கு 180 கிராம் எடுத்துக்கொண்டால் அதை 2.3 ஆல் வகுங்கள். 78 கிராம் காய்ந்த பாஸ்தா. 350 கணக்கில் 274 கலோரி. இந்த முறையில் பதம், வடிவம், வடித்த விதம் எதுவும் கணக்கைக் கெடுக்காது, ஏனென்றால் அன்றைய பாத்திரத்தின் பெருக்கத்தை அன்றைய பாத்திரத்திலிருந்தே எடுக்கிறீர்கள். ஒரே பிராண்டை, ஒரே வடிவத்தை, ஒரே கை சமைத்தால் நான்கைந்து முறைக்குப் பிறகு அந்த எண் அதிகம் மாறவில்லை என்பது தெரிந்துவிடும். பிறகு ஒவ்வொரு முறையும் மொத்தத்தையும் நிறுக்க வேண்டியதில்லை.

சாஸும் காய்கறியும் சேர்த்துக் கிளறிய பிறகே நிறுக்க முடிகிறது என்றால் அதற்கும் இதே வழிதான், கணக்கு மட்டும் சற்று நீளும். சேர்க்கும் ஒவ்வொரு பொருளின் கலோரியையும் கூட்டிக்கொண்டு, கடைசியில் பாத்திரத்தோடு நிறுத்துப் பாத்திரத்தின் எடையைக் கழிக்க வேண்டும். கொதிக்கும் வாணலியைக் காலி செய்து எடை பார்க்க முடியாது என்பதால் அதன் எடையை முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும். நம் ஊர்ப் பாத்திரங்களில் விளிம்போரம் பெயர் வெட்டியிருக்குமே, அதற்குப் பக்கத்தில் அழியாத மையில் எடையை எழுதிவைத்துவிடுங்கள் என்று எல்லோருக்கும் சொல்லி வருகிறேன். சிரித்துவிட்டுப் போகிறவர்களும் பிறகு எழுதிவைக்கிறார்கள்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். 300 கிராம் பாஸ்தா 1050 கலோரி. குழிக்கரண்டியால் ஊற்றிய எண்ணெய் 40 கிராம், 360 கலோரி. சாஸ் கெட்டிப்பட அரைத்து ஊற்றிய பண்ருட்டி முந்திரி 30 கிராம், ஏறத்தாழ 175. துருவிய சீஸ் 40 கிராம், 125 அளவில். வெங்காயம், தக்காளி, கேரட், குடமிளகாய் எல்லாம் சேர்ந்து ஒரு 100. மொத்தம் 1810. இறக்கியபோது பாத்திரம் நீங்கலாக 1050 கிராம் இருந்து, உங்கள் தட்டுக்கு 260 கிராம் வந்தால், 1810-ஐ 1050 ஆல் வகுத்து 260 ஆல் பெருக்க 448 வருகிறது. இதில் பாஸ்தாவின் பங்கு 260 மட்டுமே. ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் பாஸ்தா அல்லாதவற்றிலிருந்து வருகிறது. எண்ணெய் மட்டும் ஐந்தில் ஒரு பங்கு.

கேள்வி கேட்டவர் பாஸ்தாவைத் துல்லியமாக அளப்பதில் எவ்வளவு அக்கறை காட்டுகிறாரோ, அதில் பாதியாவது எண்ணெயில் காட்ட வேண்டும் என்பது என் கருத்து. பாஸ்தாவில் 10 கிராம் தவறினால் 35 கலோரி. எண்ணெயில் 10 கிராம் தவறினால் 90. நம் சமையலறைகளில் எண்ணெய் ஊற்றுவது கை பழகிய கணக்கில்தான். ஒரு சுற்று என்பது இரண்டு தேக்கரண்டியா நான்கா என்று ஊற்றியவருக்கே தெரியாது. 15 மில்லி கொள்ளும் மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி இருக்கிறது. எளிய வழி, சமைக்குமுன் எண்ணெய் பாட்டிலைத் தராசில் வைத்துப் பாருங்கள், சமைத்தபின் மறுபடி வைத்துப் பாருங்கள், குறைந்ததுதான் போனது. அம்மாவின் கையைப் பிடித்துத் தடுக்காமல் கணக்கெடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. முந்திரியையும் வெண்ணெயையும் தூக்கிப் போடுமுன் அப்படியே நிறுத்துவிடலாம். தக்காளி, குடமிளகாய் போன்ற காய்களை நிறுக்காமல் விட்டாலும் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது.

தராசைப் பற்றி. 5 கிலோ வரை தாங்கி, 1 கிராம் வரை காட்டும் சாதாரண டிஜிட்டல் சமையலறைத் தராசு போதும். தட்டை வைத்துப் பூஜ்யமாக்கும் பொத்தான் இருக்க வேண்டும். வாங்கியதும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்: 10 ரூபாய் நாணயம் ஒன்று ஏறத்தாழ 7.7 கிராம் இருக்கும். பத்து நாணயங்களை வைத்தால் 77 கிராம் காட்ட வேண்டும். ஒருவருக்கான பாஸ்தாவின் எடையும் கிட்டத்தட்ட அதுவே என்பதால், நமக்கு வேண்டிய இடத்திலேயே தராசு சரியாக நிற்கிறதா என்பது தெரிந்துவிடும். மேடை சமமாக இல்லாவிட்டாலும், மின்கலம் தீரும் நிலையில் இருந்தாலும் எடை தவறும். இன்னொன்று, சில தராசுகள் மிக மெதுவாகச் சேரும் எடையைக் கவனிக்காமல் பூஜ்யத்திலேயே நிற்கும். ஆகவே எண்ணெயையோ துருவிய சீஸையோ சொட்டுச் சொட்டாகச் சேர்க்கும்போது, முடித்ததும் பாத்திரத்தைத் தூக்கி மறுபடி வைத்துப் பாருங்கள்.

தராசு இல்லாமல் செய்யலாமா என்றால், செய்யலாம், ஆனால் துல்லியம் என்ற சொல்லை விட்டுவிட வேண்டும். ஒரே டம்ளரில் சிறிய வளைவு மக்ரோனி நெருங்கி அமரும். சுருள் பாஸ்தாவும் பென்னேயும் இடைவெளி விட்டு நிற்கும். டம்ளர் ஒன்று, எடை வேறு வேறு. ஸ்பகெட்டியை நாணய அளவுக்குக் கட்டாகப் பிடித்தால் ஒருவருக்கு என்று ஒரு யோசனை சுற்றுகிறது. நம் ஒரு ரூபாய் நாணயத்துக்கே 25, 22, 20 மில்லிமீட்டர் என்று மூன்று அளவுகள் பல ஆண்டுகளில் வந்திருக்கின்றன. கட்டின் எடை குறுக்களவின் வர்க்கத்தோடு கூடுவதால், 20 மில்லிமீட்டருக்குப் பதில் 25 பிடித்தால் எடை 56 சதவீதம் ஏறிவிடும். கைப்பிடியின் இறுக்கம் வேறு இருக்கிறது. இதைவிட மேலான வழி, 500 கிராம் பாக்கெட்டை வாங்கி, அன்றே மேசையில் கொட்டி ஏழு சம குவியல்களாகப் பிரித்து ஏழு டப்பாவில் போடுவது. ஒவ்வொன்றும் 71 கிராம் அளவில் வரும். ஒன்றில் கூடினாலும் இன்னொன்றில் குறையும், பாக்கெட் முடியும்போது மொத்தக் கணக்கு நேராகிவிடும்.

உறுதியாகச் சொல்லக்கூடியவை இதுவரை சொன்னவை. இனி வருபவற்றில் சில ஐயத்துக்குரியவை, சில மெய்யாக இருந்தும் பொருட்படுத்த வேண்டாதவை. வடித்த தண்ணீர் கலங்கலாக இருக்கிறதே, அதில் போன மாவைக் கழிக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். சோறு வடித்த கஞ்சியைப் போலத்தான். நல்ல டூரம் கோதுமை ரவையில் செய்த பாஸ்தாவிலிருந்து நூற்றுக்கு ஐந்து முதல் எட்டுப் பங்கு வரை தண்ணீரில் கரையலாம். அந்தத் தண்ணீரில் ஒரு கரண்டி சாஸுக்குத் திரும்பிவிடுவதும் உண்டு. நான் கழிப்பதில்லை, கணக்கு ஒரு சிறிது கூடுதலாக நிற்பதால் நஷ்டமில்லை. கடலோர ஈரக் காற்றில் பிரித்த பாக்கெட் ஈரம் இழுத்து எடை கூடாதா என்றால், கூடும். 75 கிராமில் ஒன்றிரண்டு கிராம் தண்ணீர் ஏறினால் ஐந்து கலோரி வித்தியாசம், அதற்காகக் கவலைப்பட வேண்டாம். மூடி இறுக்கமான டப்பாவில் போடுவது வண்டுக்காகத்தான் தேவை.

ஆறவைத்துச் சூடாக்கிய பாஸ்தாவில் கலோரி பாதியாகிவிடும் என்ற பேச்சைக் கேட்டிருப்பீர்கள். வெந்த மாவு குளிரும்போது அதில் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறுவது உண்மை. அந்தப் பகுதி சிறியது. பாதி என்பது மிகை. கணக்குப் புத்தகத்தில் அதற்காக எதையும் குறைக்காதீர்கள். மறுநாளைக்கு எடுத்து வைப்பதில் வேறொரு சிக்கல் இருக்கிறது: குளிர்பதனப் பெட்டியில் பாஸ்தா சாஸின் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், கொஞ்சம் காய்ந்தும் போகும், சூடாக்கும்போது நீங்கள் தண்ணீர் தெளிப்பீர்கள், எனவே மறுநாள் எடுக்கும் எடைக்கு முந்தைய நாள் வகுத்தல் பொருந்தாது. சமைத்த அன்றே பங்கு பிரித்து, டப்பாவின் மேல் கலோரியை எழுதி வைத்துவிடுங்கள்.

பாக்கெட்டின் எண்ணும் ஒரு கணக்கீடுதான் என்பதையும் சொல்ல வேண்டும். மாவுச்சத்து, புரதம் இரண்டுக்கும் கிராமுக்கு நான்கு, கொழுப்புக்கு ஒன்பது என்ற பெருக்கல், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க வேதியியலர் வில்பர் அட்வாட்டர் செய்த ஆய்வுகளிலிருந்து வந்த சராசரி. உங்கள் தராசு ஒரு கிராம் பிசகாமல் காட்டினாலும், அதைப் பெருக்கும் எண்ணே தோராயமானது. ஆகவே 274 என்று நான் எழுதியதை 270 என்றோ 280 என்றோ எழுதினாலும் ஒன்றே. கேள்வி கேட்டவர் தசமப் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் வரை எழுதி வைத்திருப்பதைக் கண்டேன். அந்த இலக்கங்களுக்குப் பொருள் எதுவும் இல்லை.

உணவகத்தில் இந்த முறை எதுவும் செல்லாது. புதுச்சேரி ஒயிட் டவுனில் ஒரு தட்டுப் பாஸ்தா வாங்கினால் உள்ளே எத்தனை கிராம், எவ்வளவு வெண்ணெய், எவ்வளவு க்ரீம் என்பது சமையற்காரருக்கு மட்டுமே வெளிச்சம். நீங்கள் வீட்டில் நிறுத்துப் பழகிய கண்ணால் பாஸ்தாவின் அளவை ஓரளவு மதிப்பிடலாம். கொழுப்பைக் கண்ணால் மதிப்பிட முடியாது. அப்படிப்பட்ட நாளில் வீட்டுக் கணக்கோடு நூற்றைம்பது, இருநூறு கலோரி கூட்டி எழுதிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடுங்கள் என்றுதான் சொல்வேன். அது அனுபவத்தில் பிறந்த ஓர் ஊகம், அளவு அல்ல. சில இடங்களில் அன்றன்று பிசைந்த பச்சைப் பாஸ்தா கிடைக்கும். அதை வாங்கிவந்து சமைத்தால் காய்ந்த பாஸ்தாவின் கலோரி எண்ணைப் போடாதீர்கள். ஏற்கெனவே ஈரம் இருப்பதால் வேகுமுன்பே 100 கிராமுக்கு 290 அளவில்தான் இருக்கும்.

சேமியாவுக்கும் இது பொருந்துமா என்று கடைசியாகக் கேட்டிருக்கிறார். பொருந்தும், இன்னும் எளிதாக. உப்புமாவுக்கு ஊற்றிய தண்ணீர் முழுதும் சேமியாவிலேயே சுண்டிவிடுவதால் வடிப்பதும் இல்லை, கரைந்து போவதும் இல்லை. வறுப்பதற்கு முன் சேமியாவை நிறுத்து, எண்ணெய் பாட்டிலை இரண்டு முறை நிறுத்து, இறக்கியபின் மொத்தத்தையும் உங்கள் பங்கையும் நிறுத்தால் போதும்.

ஒருவருக்கு 75 கிராம் சரியா என்பதற்கு மட்டும் என்னால் இங்கிருந்து பதில் சொல்ல இயலாது. அமெரிக்கப் பாக்கெட்டுகளில் ஒரு பங்கு என்பது 56 கிராம், இத்தாலியில் 80 கிராம். இரண்டும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு வைத்த அளவுகள், உங்கள் உடம்பைப் பார்த்து வைத்தவை அல்ல. உங்கள் வயது, உயரம், வேலை, இரத்தச் சர்க்கரை எதுவும் கேள்வியில் இல்லை. இன்சுலின் போட்டுக்கொள்கிறவராக இருந்தால் கலோரியைவிட மாவுச்சத்தின் கிராம் கணக்கே முக்கியம். 75 கிராம் காய்ந்த பாஸ்தாவில் அது 55 கிராம் அளவில் இருக்கும். அந்த எண்ணை எழுதிக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் பேசிய பிறகு அளவை முடிவு செய்யுங்கள்.